பந்தலுக்குள் பேசிக்கொண்டே இருக்கச் சொன்ன மதினி

உறவுக்காரர்களே, பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருப்பவர்களே, எல்லோரும் சுகம்தானே? பிள்ளைகள் சுகமா? இந்த வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்திருக்கிறீர்கள். அப்படியே வேப்பமரத்துப் பக்கமாக உட்காருங்கள், அங்கேதான் கொஞ்சம் காற்று வருகிறது. முதலில் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் குடியுங்கள். பவுன்தாய் மதினியின் காரியத்துக்கு வந்துவிட்டு நாக்கு வறள உட்கார்ந்திருந்தால், அது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

சோறு ஆக நேரம் இருக்கிறது. அதுவரை நான் பேசுகிறேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத ஆள் நான். ஆட்டோ ஓட்டுகிறவன். பேச ஆரம்பித்தால் கம்பத்துக்குப் போக வேண்டியவன் போடிக்குப் போய் நிற்பேன் என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேதி வந்தபோது நான் கூடலூரில் இருந்தேன். தேங்காய் மூட்டை இறக்கிவிட்டு, குமுளிக்குப் போகிற ஜீப்புகள் நிற்கும் இடத்தில் ஒரு டீ சொல்லியிருந்தேன். அந்த டீக்கடைக்காரர் பாதி மலையாளம் பேசுவார், பாதி தமிழ் பேசுவார், காசு கேட்கும்போது மட்டும் சுத்தத் தமிழ். அவரோடு ஏதோ சிரித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. என் வீட்டுக்காரி முத்துலட்சுமி.

“ஏங்க, அக்கா பேச மாட்டேங்கிறாக” என்றாள்.

வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதோ பெண்களுக்குள் சண்டை என்று நினைத்திருப்பார்கள். நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். மதினி பேசாமல் இருந்தார் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

“வெளிய தூக்குனீகளா? தண்ணி ஊத்துறீகளா?”

“ஊத்திக்கிட்டேதான் இருக்கோம். மொதலாளி கார்ல ஏத்துறோம். நீங்க வாங்க, வெரசா வாங்க.”

வண்டியை எப்படி எடுத்தேன், எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. பாதி வழியில் மறுபடியும் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன். இந்த முறை அவள் அழவில்லை.

“மெதுவாவே வாங்க” என்றாள்.

அவ்வளவுதான் சேதி. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பவுன்தாய் மதினி என் பெரியப்பா மகனை, அதாவது இந்த வீட்டு அண்ணனைக் கட்டியவர். திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் பெண்களைச் சேர்த்து ஒரு செட்டாகக் கூட்டிப் போவார். கவாத்து வெட்டுவது, கொடி கட்டுவது, குலை அறுப்பது எல்லாம் அந்தச் செட்டுதான். என் வீட்டுக்காரியும் அதில் ஒருத்தி. இருட்டோடு இருட்டாக அவர்களைத் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கி, வேலை முடிந்து திருப்பிக் கொண்டுவருவது என் வண்டி.

திராட்சைப் பந்தலைத் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் ஏமாந்துபோவார்கள். கல்கால் நட்டு, கம்பி இழுத்து, மேலே கூரை போட்டதுபோல ஒரே பச்சையாக இலை படர்ந்திருக்கும். “உங்க பொம்பளைகளுக்கு என்ன குறை? நாள் பூரா நெழல்ல வேலை” என்று என்னிடமே எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆட்களே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். களை வெட்டுகிறவனுக்கு வெயில் ஆகாது, செங்கல் சூளைக்காரனுக்கு ஆகாது, பந்தல் வேலைக்காரிக்கு என்ன வந்தது என்று.

பங்குனி, சித்திரையில் மலைக்காற்று நின்றுபோன பிறகு அந்தப் பந்தலுக்குள் போய்ப் பாருங்கள். கீழே தண்ணீர் பாய்ந்த மண், மேலே இலை. மண்ணிலிருந்து கிளம்புகிற ஆவிக்கு வெளியே போக வழி கிடையாது. வேர்வை வழியும், ஆனால் காயாது. மதினி சொல்லுவார்: “இது நெழலு இல்லத்தா, மூடி போட்ட இட்லிச் சட்டி. வெளிய நின்னா வெயிலு ஒரு பக்கம்தான் அடிக்கும். இங்கன நாலு பக்கமும் அவிக்கும்.”

புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணை எடுத்த எடுப்பில் பந்தலுக்குள் விடமாட்டார். காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவளையும் அப்படித்தான். புளியமரத்தடியில் உட்காரவைத்து டிரேயில் குலை அடுக்கச் சொல்வார். கொஞ்ச நேரம் உள்ளே, கொஞ்ச நேரம் வெளியே என்று சில நாட்கள் போகும். ஒருத்தி ரோசப்பட்டு, “நான் என்ன சீமாட்டியா? எனக்கு ஏலாதா?” என்று கேட்டாள். “ஒனக்கு ஏலும்டி. ஒன் ஒடம்பு இன்னும் ஒத்துக்கல. அது பழகட்டும், அப்பறம் நீ மலையப் பேத்து வை” என்றார்.

அந்தச் சேலைக் கதையைச் சொல்லாவிட்டால் மதினி கதையே கிடையாது. எந்தத் தோட்டத்தில் இறங்கினாலும் அவர் செய்கிற முதல் வேலை, வரப்போரத்தில் நாலு குச்சி ஊன்றி, பழைய சுங்குடிச் சேலை ஒன்றைச் சுற்றிக் கட்டுவது. பெண்கள் ஒதுங்குவதற்கு. அதற்கப்புறம்தான் கத்திரியைக் கையில் எடுப்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்த தோட்டத்து முதலாளி கோபமாக வந்தார். நான் டிரே இறக்கிக்கொண்டிருந்தேன்.

“என்னத்தா பவுனு, தோட்டத்துக்குள்ள கொட்டாயி போடுற?”

“பொம்பளைக ஒதுங்க எடம் மொதலாளி.”

“ஆளாளுக்கு ஒதுங்கிக்கிட்டே இருந்தா குலைய ஆரு அறுக்குறது?”

“ஒதுங்க எடம் இல்லன்னா இவளுக தண்ணி குடிக்க மாட்டாளுக. காலையில வாய மூடுனா வீட்டுக்குப் போயித்தான் தெறப்பாளுக. தண்ணி குடிக்கலன்னா இந்தப் புழுக்கத்துல விழுவாளுக. ஒருத்தி விழுந்தா தூக்க நாலு பேரு. இப்பச் சொல்லுங்க, எதுல ஒங்க வேலை கெடும்?”

முதலாளி மோட்டார் ரூம் பக்கம் போய்விட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? காற்றில் சேலை ஆடுவதைப் பார்த்து, “இது எந்தக் கட்சிக் கொடி மதினி?” என்று கேட்டேன்.

“ஒண்ணுக்குப் போற கட்சி கொழுந்தனாரே. நீரும்தான் அதுல உறுப்பினரு. ஒமக்கு ஊரெல்லாம் மரம் இருக்கு, எங்களுக்கு இந்தச் சேலைதான்.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் நான் வண்டிக்கு ஓடிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் காலியானது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்க விடமாட்டார். ஒரு வரிசை முடிந்தால் ஒரு டம்ளர். உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் தூக்குவாளியில் வரும். ஒருநாள் அந்த மோரை முழுவதும் தோட்டத்து ஆடு குடித்துவிட்டது. “பரவால்ல, இன்னைக்கி அது விழாது” என்றார்.

அடுத்தது பேச்சு. பந்தலுக்குள் இரண்டிரண்டு பேராக எதிரும் புதிருமாக நின்று வேலை செய்யவேண்டும், பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது மதினி போட்ட சட்டம். என்ன பேசினாலும் சரி. எனக்கும் முத்துலட்சுமிக்கும் வீட்டில் நடக்கிற சண்டையெல்லாம் பந்தலுக்குள் போய் அலசிக் காயப்போடப்பட்டது அப்படித்தான். நான் வண்டியோடு போனால், “என்ன கொழுந்தனாரே, புளிக்கொழம்புல உப்பு இல்லன்னு தட்ட வீசுனீராம்ல” என்று யாராவது உள்ளேயிருந்து கேட்பார்கள். மானம் போகும். ஆனால் அந்தச் சத்தம் இருந்தால்தான் மதினிக்கு நிம்மதி.

“பேச்சு நின்னா ஆளப் பாரு” என்பார். “நாக்கு கொழறுனாப் பாரு. சம்மந்தம் இல்லாமப் பேசுனாப் பாரு. சும்மாவே எரிஞ்சு விழுந்தாலும் பாரு.”

“அப்ப எம் பொண்டாட்டிய வருசம் பூராவும் தண்ணித் தொட்டியிலதான் போட்டு வைக்கணும் மதினி” என்றேன். முத்துலட்சுமி திராட்சைக் குலையாலேயே எறிந்தாள்.

முதலாளிக்கு அந்தப் பேச்சும் பிடிக்கவில்லை. “வாயக் கட்டிட்டு வேலை பாத்தா என்ன?” என்றார். “வாயக் கட்டுனா அப்பறம் அரிசிதான் போடணும் மொதலாளி” என்று மதினி திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

அந்தச் சட்டம் எதற்கு என்று எனக்கு விளங்கியது ஈசுவரி விழுந்த அன்றைக்குத்தான். ஈசுவரி யார் என்றால், அதோ அடுப்படியில் விறகு தள்ளிக்கொண்டிருக்கிறானே கருப்பையா, அவன் வீட்டுக்காரி. அன்று காற்றே இல்லை. எதிரில் நின்றவள் ஈசுவரியிடம், “நேத்து என்னடி கொழம்பு?” என்று கேட்டிருக்கிறாள். ஈசுவரி, “பஸ்ஸு வந்துருச்சு” என்று சொன்னாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. கத்திரியைக் கீழே போட்டுவிட்டு கொடிக்கு அடியில் குனிந்து ஓடினார். அவர் பிடிக்கவும் ஈசுவரி சரியவும் சரியாக இருந்தது.

உடனே கூட்டம் கூடிவிட்டது. உச்சிப்பொழுதில் தோட்டத்து முனி அடித்துவிட்டது என்று ஒருத்தி திருநீறு தேடினாள். வலிப்பு என்று நினைத்து நானே வண்டிச் சாவியைக் கழற்றி ஈசுவரி கையில் வைக்கப் போனேன். மதினி என் கையைத் தட்டிவிட்டார்.

“முனியும் இல்ல, வலிப்பும் இல்ல. சூடு ஏறிருச்சு. அத எறக்கணும். பந்தல விட்டு வெளிய தூக்குங்க, மரத்தடிக்கு! ஓசு பைப்ப இழுங்க!”

ஒருத்தி சோடாவை ஈசுவரி வாயில் ஊற்றப் பார்த்தாள். “நெனவு தப்புன வாயில எதையும் ஊத்தாதடி, பொற ஏறிரும். ஒடம்புல ஊத்து!” என்று கத்தினார். தலையோடு கால் நனைய நனையத் தண்ணீர் விட்டு, டிரே அட்டையால் விசிறி, சொட்டச் சொட்ட என் வண்டியில் ஏற்றி, ஆசுபத்திரி போகும்வரை ஈரத் துணியை மாற்றிக்கொண்டே வந்தார். வண்டியெல்லாம் சேறு. ஈசுவரி பிழைத்தாள். அவள் கண் திறந்ததும் மதினி கேட்டது, “நேத்து என்னடி கொழம்பு?” “கத்திரிக்கா” என்றாள். அப்போதுதான் மதினி அழுதார்.

அதை வைத்துத்தான் முதலாளியிடம் சண்டை போட்டு உச்சிப்பொழுது ஓய்வை வாங்கினார். விடிவதற்கு முன்னால் வேலையைத் தொடங்குவது, வெயில் ஏறியதும் எல்லோரும் புளியமரத்தடிக்கு வந்துவிடுவது, வெயில் சாய்ந்த பிறகுதான் மறுபடி உள்ளே போவது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வேறு எந்தச் செட்டுக்கும் அது கிடையாது.

இனிமேல் சொல்லப்போவது எனக்குக் கஷ்டம். யாராவது அந்தச் செம்பைக் கொடுங்கள்.

மதினி போன அன்றைக்கு நடந்தது முத்துலட்சுமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேரளாவுக்குப் போகிற லாரி நின்றுகொண்டிருந்தது. பெண்கள் ஓய்வுக்கு வந்து படுத்துவிட்டார்கள். முதலாளி வந்து தலையைச் சொறிந்தார். இன்னும் கொஞ்சம் டிரே நிரம்பினால் லாரி கிளம்பிவிடும், நேரமானால் சந்தை தப்பிவிடும் என்றார். கெட்ட மனசோடு கேட்டார் என்று சொல்ல மாட்டேன். அவர் கேட்டதும் இரண்டு மூன்று பேர் எழுந்திருந்தார்கள். மதினி அதட்டினார்.

“ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது. இன்னைக்கி எந்திரிச்சீகன்னா நாளைக்கும் எந்திரிக்கச் சொல்லுவாக. ஒரு வரிசைதான, நான் போயி வெட்டிட்டு வாரேன்.”

“நான் கூட வாரேன்க்கா” என்று முத்துலட்சுமி எழுந்தாள்.

“காலையிலயே தலை சுத்துதுன்ன. கெட.”

போனார். கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து சத்தம் கேட்டிருக்கிறது. தனியாகவே பேசிக்கொண்டு, மரத்தடியில் படுத்திருந்தவர்களைக் கேலி செய்துகொண்டு. அப்புறம் லாரி டிரைவர் வண்டியில் பாட்டுப் போட்டார். சத்தமாகப் போட்டார். பேச்சு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே சத்தம் இல்லை என்று முத்துலட்சுமிக்கு உறைத்திருக்கிறது. போய்ப் பார்த்தால் கல்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு குலையோடு. தொட்டால் அடுப்பைத் தொட்டதுபோல இருந்ததாம்.

எத்தனையோ பேரைக் காப்பாற்றிய பேச்சு அது. அவருக்கு எதிரே நின்று பதில் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. வீட்டில் முத்துலட்சுமிக்குத் தூக்கமே இல்லை. “நான் போயிருக்கணும், நான் போயிருக்கணும்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மதினியை எடுக்கிற அன்றைக்கு முதலாளி மாலையோடு வந்தார், அழுதார். நிஜமாகத்தான் அழுதார். ஆனால் சில நாள் கழித்து, பழம் வெடிக்கிறது, இனி உச்சிப்பொழுதில் உட்கார முடியாது, வைகை அணைப் பக்கமிருந்து வேறு ஒரு செட்டு வரத் தயாராக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதனால்தான் மதினியின் செட்டுப் பெண்கள் ஒருத்தியைக்கூட இங்கே காணோம். அவருடைய காரியத்து அன்றைக்கு அவர்கள் பந்தலுக்குள் நிற்கிறார்கள். இன்று காலையில் முத்துலட்சுமியிடம் மன்றாடினேன்.

“இன்னைக்கி ஒரு நா போகாதடி. அக்கா காரியம்.”

“படையலுக்குள்ள வந்துருவோம். போகலன்னா அந்தச் செட்டு உள்ள வந்துரும். அப்பறம் எங்க போயி நிக்க?”

“தண்ணியாச்சும் குடி.”

“ஒதுங்க எடம் இல்லீகளே” என்றாள்.

நான் அதிர்ந்துபோனேன். சேலை எங்கே என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். மதினி போன நாளிலிருந்து யாரும் அந்தச் சேலையைக் கட்டவில்லை. அக்காவின் சேலையைக் குச்சியில் கட்டி அதற்குள் ஒதுங்குவதா என்று பெண்களுக்கு மனசு வரவில்லை. வேறு சேலை கட்டவும் கை போகவில்லை. அண்ணன் வீட்டில் அதைத் துவைத்து, மஞ்சள் நீரில் நனைத்து, இன்று பெட்டியில் வைத்து வீட்டுச் சாமியாகக் கும்பிடப் போகிறார்கள். அதோ உள்ளே மனைப்பலகையில் மடித்து வைத்திருப்பது அதுதான்.

பெண்ணாகப் பிறந்து நல்லபடியாக வாழ்ந்துபோனவர்களைச் சேலை வைத்துக் கும்பிடுவது நம் வழக்கம்தான். நான் குறை சொல்லவில்லை. என் அத்தைக்கும் எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. ஆனால் அண்ணன்மார்களே, பெரியவர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தச் சேலை இங்கே பூவும் பொட்டுமாக இருக்கிறது. அங்கே அவர் வளர்த்த பெண்கள் விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டு, மதினி கட்டிக் காத்ததை நாமே அவிழ்த்து மடித்து வைத்துவிட்டோம். சாமியாகிவிட்டவர் ஒதுங்க இடம் கொடுக்க மாட்டாரா? அவரிடமே கேட்டிருந்தால், “எடுத்துக்கிட்டுப் போயிக் கட்டுங்கடி கழுதைகளா” என்றுதான் சொல்லியிருப்பார். அண்ணனிடம் காலையிலேயே கேட்டேன். அவர் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியவில்லை. முதலாளியிடம் சொன்னால் வேறு செட்டு. வீட்டுக்காரியிடம் சொன்னால் அழுகை. அதனால்தான் உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன்.

மதினியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பொருளாக ஒன்றும் இல்லை. ஒரு காதுதான். பெண்களை ஏற்றிக்கொண்டு வரும்போது பின்னால் பேச்சுக் கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டே ஓட்டுவேன். யாருடைய குரல் குறைகிறதோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். திட்டினாலும் சந்தோஷம், பதில் வந்தால் போதும். நேற்று சாயந்தரம் எல்லோரும் பேசினார்கள், முத்துலட்சுமி பேசவில்லை. கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்ட பிறகுதான் “ம்” என்றாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. இன்று காலையில் அவளை இறக்கிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு அந்த “ம்”தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அந்தப் பெட்டியை மூடுவதற்கு முன்னால் அண்ணனிடம் யாராவது ஒரு வார்த்தை—

“அண்ணே! சின்னமாயண்ணே! பேச்ச விடுங்க, வண்டிய எடுங்கண்ணே!”

என்ன கருப்பையா?

“தோட்டத்துலருந்து ஈசுவரி போன் போட்டா. முத்துலட்சுமி மதினி பேச்ச நிறுத்திட்டாகளாம். பேச்சு நின்னத ஒடனே கவனிச்சுட்டாக, எல்லாரும் கத்திரியப் போட்டுட்டு வெளிய தூக்கிட்டு வந்துட்டாக. தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காகளாம். மொதலாளி கார் இல்லையாம், வெரசா வாங்கண்ணே!”

“வாரேன்டா, வாரேன். ஆராச்சும் அந்தத் தண்ணிக் கொடத்தத் தூக்கி வண்டியில வையுங்கப்பா. ஊத்துறத நிறுத்த வேணாம்னு சொல்லு, அவ பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருக்கச் சொல்லு, நான் வாரதுக்குள்ள அவ ஒரு வார்த்தையாச்சும்—”